எழுத்தெல்லாம் தெரியுது, சேர்த்துப் படிக்கத்தான் வரல

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வீட்டு ஹாலிலேயே மாலை டியூஷன் எடுக்கிறேன். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பத்துப் பிள்ளைகள். அதில் ஒருவன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது முடிந்துவிட்டது. உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் கடகடவென்று சொல்வான். தமிழ்ப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமலே ஒப்பிப்பான். ஆனால் பலகையில் 'பட்டம்' என்று எழுதி, எழுத்துக்கூட்டிப் படி என்றால் "ப, இட், ட, இம்... பாட்டி" என்கிறான். அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறான். அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன் ஏற்றி இறக்கும் வேலை. அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். வீட்டில் ஆயா கொஞ்சம் சொல்லித்தருகிறாராம். "மண்டையில ஏறல மிஸ், நாலு போடு போடுங்க" என்கிறார் அம்மா. மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து இங்கிலீஷ் ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஓசைகளைச் சேர்த்துப் படிக்கும் முறை) வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார். இது டிஸ்லெக்சியா என்கிற, படிப்பதில் வரும் கற்றல் குறைபாடா? நான் எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்:

வணக்கம். அவன் எழுத்துக்கூட்டியதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ப, இட், ட, இம். இந்த நான்கையும் நீங்களே வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'பயிட்டயிம்' என்று ஏதோ ஒன்று வரும், பட்டம் வராது. பையன் சொன்னபடிதான் செய்திருக்கிறான். நாம் கொடுத்த சரக்கில் அந்தச் சொல் இல்லை.

ட் என்ற எழுத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக முன்னால் ஒரு 'இ' போட்டு 'இட்' என்கிறோம். இக், இங், இச் எல்லாம் அப்படித்தான். அது எழுத்தின் பெயர், ஓசை இல்லை. படிக்கும்போது அந்த 'இ'யைக் கழற்றிப் போட வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள், சிலருக்கு அது தட்டுப்படுவதில்லை. இவனும் அப்படி ஒருவனாக இருக்கலாம். சேராத ஓசைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? முதலில் ப, நடுவில் ட்ட தெரிகிறது, தனக்குத் தெரிந்த சொற்களில் பொருந்துகிற ஒன்றை எடுத்து 'பாட்டி' என்கிறான். முகத்தைப் பார்ப்பது சரியா தப்பா என்று நம் கண்ணில் படிப்பதற்கு. மூன்று வருஷமாக ஒப்பித்தே வகுப்பை ஓட்டியிருக்கிற பிள்ளையை மண்டையில் ஏறாதவன் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பில் பாடம் நீளமாகிறது, மனப்பாடம் தாங்கவில்லை, விஷயம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நாலு போடு போட்டால் ஊகிப்பதை இன்னும் வேகமாகச் செய்வான்.

தொடங்கும் முன் ஒரு மாலை அவனை மட்டும் உட்காரவைத்து மூன்று விஷயம் பாருங்கள். எழுத்துகளை வரிசை மாற்றிக் காட்டுங்கள். வரிசையாகச் சொல்வது பாட்டு மாதிரி வாயில் ஓடும், கலைத்துக் காட்டினால்தான் உண்மையில் எத்தனை தெரியும் என்று தெரியும். அடுத்து, எழுத்தே இல்லாமல் வாயால் மட்டும், "ம்ம்ம்... ஆ... ன், சேர்த்தா என்ன?" என்று கேளுங்கள். 'மான்' என்று சொன்னால் காது சேர்க்கிறது, கண்தான் சேர்க்கவில்லை. அதுவும் வராவிட்டால் தொடக்கம் இன்னும் கீழே. மூன்றாவது, அர்த்தமே இல்லாத சொல்: ரபம், டமட்டம், ரப்பட. பிசாசுப் பெயர் என்று சொல்லி எழுதிக் கொடுங்கள், சிரித்துக்கொண்டே முயல்வான். இதை ஊகிக்க முடியாது என்பதுதான் இதன் பயன்.

அதே வாரம் கண்ணையும் காதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கண்ணுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. சளி பிடித்துப் பிடித்துக் காது மந்தமான பிள்ளைக்கு ப்-க்கும் ம்-முக்கும் வித்தியாசமே சரியாகக் கேட்காமல் போகலாம், வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை.

இனி வேலை. முதல் வாரம் பலகை வேண்டாம், கைதட்டல் போதும். ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கா-சி-மே-டு, நாலு தட்டு. தண்-டை-யார்-பேட்-டை, ஐந்து. கொ-ருக்-குப்-பேட்-டை, அதுவும் ஐந்து. இதில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பட்-டம், இரண்டு தட்டு. பம்-ப-ரம், மூன்று. காது இதைப் பிடித்துவிட்டால் 'இட்', 'இம்' தானாக உதிரும். பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடட்டும், தட்டு எண்ணுகிற தலைவனாக இவனையே நிறுத்துங்கள். படிப்பு விஷயத்தில் அவன் முன்னால் நின்று பல நாள் ஆகியிருக்கும்.

அப்புறம் முதல் ஓசையை மாற்றும் விளையாட்டு. கால், பால், வால், நூல்: இதில் ஒட்டாதது எது? 'பால்'ல ப்-பை எடுத்துட்டு வ் போட்டா? படு, பட்டு, இரண்டில் எது அழுத்தம்? கடை, கட்டை? இதெல்லாம் அம்மாவும் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, தனி நேரமும் வேண்டாம். சமைக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடி நிற்கும்போது. கேட்டில் நிற்கிற நேரத்துக்கு ஒரு பாடமே முடித்துவிடலாம், உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் வாரம் எழுத்துக்கு வாருங்கள். 247 எழுத்தையும் ஒரு சார்ட்டாக மாட்டி அதில் குச்சி வைத்துத் தட்டுவதை இவனுக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். நாலே எழுத்து: ப, ட, ம, ர. கூடவே புள்ளி வைத்த ட், ம், ப். இதற்குள் படம், பட்டம், மரம், மடம், மட்டம், பம்பரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. சொல்லை எழுதிப் பின்பகுதியைக் கையால் மறையுங்கள். 'பட்' மட்டும் தெரியட்டும், ஒரே மூச்சில் சொல்லட்டும். பிறகு 'டம்'. பிறகு கையை எடுங்கள்: பட்டம். ம, ர, ல போன்றவற்றை இழுத்துச் சொல்ல முடியும், ப, ட, க-வை இழுக்க முடியாது, சட்டென்று வெடித்து நிற்கும். அதனால் மரம், மடம் முதலில், பட்டம் அப்புறம். தினகாலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுத்து அட்டைக்கு அருமையாக இருக்கும்.

பையனுக்குக் கேரம் பிடிக்குமா? உங்கள் பக்கத்தில் பிடிக்காத பையன் குறைவு. காய்கள் மேல் எழுத்தை ஒட்டி ஆடவிடுங்கள். விழுந்த காய்களைப் பொறுக்கிச் சொல் கட்டினால்தான் பாயிண்ட். ட், ம் விழுந்தால் எவ்வளவு மதிப்பு என்று இரண்டே ஆட்டத்தில் புரிந்துகொள்வான்.

ஒரு சொல்லைப் படித்ததும் அதை எழுதவும் வேண்டும், பார்த்து எழுதுவது இல்லை. நீங்கள் 'பட்டம்' என்று சொல்ல, அவன் தட்ட, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சோடா மூடியை வரிசையாக வைக்க, பிறகு எழுத. இரண்டு தட்டு, நாலு மூடி. இந்த இரண்டு எண்ணும் ஏன் வேறு என்று அவனே கேட்டால், பாடம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கஷ்டமான இடம், உயிர்மெய். கா கி கீ வரிசையை ராகம் போட்டுச் சொல்லத் தெரிவது வேறு, 'மீ' என்று ஒரு எழுத்தைத் தனியாகப் பார்த்ததும் ம்-மும் ஈ-யும் அதற்குள் இருப்பது தெரிவது வேறு. வரிசையில் கேட்டால் ம, மா, மி, மீ என்று முதலிலிருந்து ஓடி வந்துதான் பல பிள்ளைகள் 'மீ'யைத் தொடுவார்கள். அதை உடைக்க வேண்டும். ம் அட்டை ஒரு கையில், ஈ அட்டை ஒரு கையில், இரண்டையும் இழுத்து ஒட்டு: ம்ம்ம்ஈஈ, மீ. ஒரு வாரத்துக்கு ஒரு குறி மட்டும். முதலில் துணைக்கால், அது எந்த எழுத்தோடு வந்தாலும் முகம் மாறாது. பிறகு மேல்விலங்குக் குறிகளான இ, ஈ. எ, ஏ, ஐ கடைசியில் இருக்கட்டும், ஏனென்றால் அவற்றின் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போ என்று இப்போதுதான் சொல்லிக்கொடுத்திருப்போம், உடனே அதை மீறச் சொன்னால் பிள்ளை குழம்பும்.

உ, ஊ இரண்டுக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ரயில் பாதையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வண்டியில் போனால் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று மூன்று பலகை வரும். மூன்றும் 'ஊர்' என்றுதான் முடிகின்றன. எழுத்தைப் பாருங்கள்: யூ, ணூ, சூ. ஒரே ஊகாரம், மூன்று உருவம். 'இதுதான் ஊ குறி' என்று ஒன்றைக் காட்டி மற்றதை எதிர்பார்த்தால் பையன் திணறாமல் என்ன செய்வான்? ஒரே மாதிரி வளைகிறவற்றைக் கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள்: ணூ, தூ, நூ, லூ ஒரு கூட்டம், டூ, மூ, ரூ, ளூ ஒரு கூட்டம், பூ, யூ, வூ ஒரு கூட்டம். கூ-வும் சூ-வும் தனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவனை மீஞ்சூர் வரைக்கும் கூட்டிப்போய் ஸ்டேஷன் பலகைகளைப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பலகை பெரிசு, ஒரு சொல்தான், பக்கத்தில் படம் எதுவும் இல்லை, ஊகிக்க வழியே கிடையாது. அடுத்த ஸ்டேஷன் பெயரை முன்கூட்டியே யாரும் சொல்லிவிடாமல் இருந்தால் சரி.

ஆயா சொல்லித்தருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் அவர் என்ன உருவத்தில் எழுதுகிறார் என்று ஒருமுறை பாருங்கள். 1978-இல்தான் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களின் கை இன்றும் 'யானை'யில் தும்பிக்கை போட்ட னை-யைத்தான் எழுதும். ணா, றா, னா, ணை, லை, ளை என்று பதின்மூன்று எழுத்துகள் அப்போது மாறின. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்று. இவனுக்கு அது இன்னொரு புது எழுத்து. ஆயாவிடம் கதை சொல்லும் வேலையைக் கொடுத்துவிடுங்கள், அதைவிட நல்ல உதவி இல்லை.

இன்னொன்று, உங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது. 'வீடு' என்று எழுதியதை அவன் 'வூடு' என்று படித்தால் தப்பு போடாதீர்கள். எழுத்தைப் பிடித்து, சொல்லைப் பிடித்து, அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறான். 'பழம்' என்பதைப் 'பயம்' என்பதும் அதே கதைதான். பட்டத்தைப் பாட்டி என்பதும் வீட்டை வூடு என்பதும் ஒரே வகைத் தப்பு இல்லை. முதலாவது ஊகம், இரண்டாவது வாசிப்பு. "ஆமாம், வூடுதான். புத்தகத்துல வீடுன்னு எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ழகரப் பயிற்சிக்கு இன்னும் காலம் இருக்கிறது. 'கீது' என்று பேசுகிற பிள்ளைக்குப் புத்தகத்தில் 'இருக்கிறது' என்ற நீளமான சொல் கிட்டத்தட்ட வேற்றுமொழிதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து ஒன்று, ஓசை பல என்பதால் 'ப-க-ல்' என்று வல்லினமாக அழுத்திச் சேர்த்துவிட்டு ஒரு நொடி முழிப்பான். தங்கத்தில் க ஒரு மாதிரி, பக்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லிக்கொடுக்காதீர்கள். "உனக்குத் தெரிஞ்ச சொல்லுதான், என்னவா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். சேர்த்த பிறகு தெரிந்த சொல்லோடு பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். சேர்க்காமலே பொருத்துவதைத்தான் நாம் நிறுத்தப் பார்க்கிறோம்.

படிக்கக் கொடுக்கும் சொற்கள் அவன் வாயில் ஏற்கெனவே புழங்குகிறவையாக இருக்கட்டும். காசிமேட்டுப் பிள்ளைக்கு இறால், நண்டு, சுறா, வாளை, பாறை, சங்கரா எல்லாம் மீன் கூடையிலிருந்தே தெரியும். பாடப் புத்தகத்தில் பக்கத்திலுள்ள படத்தைக் கொஞ்ச நாள் காகிதத்தால் மூடிவையுங்கள். அவன் சொல்கிற ஒரு வாக்கியத்தை அவன் சொன்னபடியே எழுதி, அதையே படிக்கச் சொல்லுங்கள். 'அப்பா நண்டு வாங்கி வந்தார்' என்பதைத் திருத்தம் இல்லாமல் படித்த அன்றைக்கு நோட்டில் தேதி போட்டு வையுங்கள். அம்மாவுக்குக் காட்ட மதிப்பெண்ணைவிட அந்த நோட்டு உதவும்.

நேரம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் டியூஷன் உள்ள எல்லா நாளும். மற்றவர்கள் வீட்டுப்பாடம் எழுதும் நேரம் சரியாக இருக்கும். பத்துப் பேர் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். தடுமாறினால் "பார்த்துப் படி" என்பதால் பயனில்லை, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். கையால் மறைத்து ஒவ்வொரு தட்டாகத் திறந்து காட்டுங்கள், ஐந்தாறு நொடி பொறுங்கள், வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு அவனையும் ஒருமுறை சொல்ல வையுங்கள். அவன் வகுப்பு ஆசிரியரையும் ஒருமுறை பாருங்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள். இவன் எந்த நிலையில் இருக்கிறான், இப்போது எந்த எழுத்து நடக்கிறது என்று கேட்டு உங்கள் வரிசையையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் பிள்ளை இரண்டு பக்கமும் இழுபட மாட்டான்.

டிஸ்லெக்சியாவா என்றால், கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளையும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் எட்டு வயதில் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரிவார்கள். முறையாக மூன்று நான்கு மாதம் சொல்லித்தந்தும், நேற்றுப் படித்த 'மரம்' இன்று புதுசாகத் தெரிந்தால், வாயால் சேர்க்கும் விளையாட்டே வராமல் போனால், பேச்சு தாமதமாக வந்த பிள்ளை என்று அம்மா சொன்னால், அப்பா அல்லது மாமாவுக்கும் படிப்பதில் இதே சிரமம் இருந்தது என்று தெரியவந்தால், பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் விசாரிக்கலாம். தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வேலையையே பல வருஷமாகச் செய்துவருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, அதனால் சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்க முடியும். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அப்படியே இருந்தாலும் செய்ய வேண்டிய பாடம் இதேதான், இன்னும் மெதுவாக, இன்னும் அதிகத் தடவை. அதனால் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்த ஆயிரத்து இருநூறு ரூபாய். ஃபோனிக்ஸ் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, நான் இதுவரை எழுதியதும் தமிழுக்கான ஃபோனிக்ஸ்தான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது இப்போது வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஓசைகளோ சுமார் 44. ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு ஓசை தரும். சேர்ப்பது என்றால் என்ன என்றே பிடிபடாதவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இன்னொரு மொழியிலும் ஒப்பிக்கக் கற்றுக்கொள்வான். சேர்க்கும் வித்தையைத் தமிழில் பிடிப்பது சுலபம். அது வந்துவிட்டால் ஆங்கிலத்துக்குச் செலவே இல்லாமல் நீங்களே தொடங்கலாம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அவன் மனப்பாடம் செய்யாத ஒரு பக்கத்தை ஊகிக்காமல் படிக்கிற நாள்தான் அதற்கு நாள். பல பாடத்திட்டங்களில் முதலில் வருகிற ஆறு எழுத்துகள் எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n). அவற்றின் பெயரைச் சொல்லாமல் ஓசையை மட்டும் சொல்லித்தாருங்கள். 'ப, இ, ன' என்று அகரம் சேர்த்துச் சொன்னால் அங்கேயும் சொல் சேராது. ப், இ, ன் என்றால் 'பின்' தானாக விழும். டின், டிப், ஸிட் எல்லாம் அப்படியே வரும். இந்தப் புள்ளி ஓசையை வாயில் வரவைக்க அந்த வகுப்புகளில் பாடுபடுவார்கள். உங்கள் பையனுக்கு அதற்குள் ட்-டும் ம்-மும் ஒரு கேரம் ஆட்டத்தின் பழக்கத்தில் வந்திருக்கும். அம்மா கேட்டால், இப்போது தமிழில் நடப்பதும் இங்கிலீஷுக்குத்தான் என்று சொல்லுங்கள், பொய் இல்லை.